மாப்பிள்ளைக்கு வைத்த மான்

என் கல்யாணத்தில் சாம்பார் சோறு போட்டார்கள்.

சைவக்காரர்களுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றும். தர்மபுரி ஜில்லாவில், எங்களைப் போன்ற வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடியானவர் வீட்டில், கறி இல்லாமல் ஒரு கல்யாணம் என்றால் அது கல்யாணமே இல்லை, கருமாதிக்கும் கீழே. கடன்பட்டாவது ஆடு அடிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், பெண் வீட்டார் வசதிக்குக் குறைவில்லாதவர்களாக இருந்தும், பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குக் கத்தரிக்காய் சாம்பாரும் பூசணிக்காய்க் கூட்டும் வைத்தார்கள். என் பெரியப்பா இலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். (கறி அடியில் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.) அதற்குக் காரணம் நான். நான் செய்த குற்றம், சட்டத்தை மதித்தது.

எண்பதுகளின் நடுவில் தர்மபுரிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி, சீட்டு மாதிரி கௌரவமான பழக்கமாக இருந்திருந்தால் ஊர் மன்னித்திருக்கும். என் பழக்கம் மலை ஏறுவது. லீவு கிடைத்தால் போதும், தோளில் ஒரு ஜோல்னாப் பையும் தண்ணீர்ப் புட்டியுமாகக் கிளம்பிவிடுவேன். வத்தல்மலைக்கு அப்போது ரோடு கிடையாது, நடந்துதான் ஏற வேண்டும். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்:

"மாடு ஏதாச்சும் தொலஞ்சு போச்சுங்களா?"

"இல்லைங்க, சும்மா."

"சும்மாங்களா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று என்னைப் பார்ப்பார்கள். காரணம் இல்லாமல் மலை ஏறுகிறவன் ஒன்று பைத்தியம், இல்லை திருடன் என்பது எங்கள் ஜில்லாவின் தீர்மானமான கருத்து. இந்தக் கருத்து பிற்பாடு எனக்கு எதிராகவே வேலை செய்தது.

போகிற இடத்தில் கிடைக்கிற எதையும் விடமாட்டேன். பாம்புச் சட்டை, முள்ளம்பன்றி முள், குருவிக்கூடு, எல்லாவற்றையும் கொண்டு வந்து பள்ளி ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு கட்டி, பெயர், கிடைத்த இடம், சேகரித்தவர் என்று கொட்டை எழுத்தில் எழுதுவேன். சேகரித்தவர் எப்போதும் நான்தான். அந்த வரியை எழுதும்போது எனக்குள் ஒரு பெருமிதம் பொங்கும்.

அந்த வருஷம் மே மாதத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் பெயர் புஷ்பம். பென்னாகரத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய ஊர். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் அறிவிப்பார். ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் காடு கரை என்று சுற்றக் கூடாது. எங்கள் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"ரெண்டு ஓலை ஆயிருச்சு. மூணாவது முடியற வரைக்கும் வூட்டத் தாண்டாத சாமி. காத்து கருப்பு அண்டிரும்."

நான் அறிவியல் ஆசிரியன். காற்றாவது கருப்பாவது என்று மறுநாளே கிளம்பினேன். கூட எங்கள் டிரில் மாஸ்டர் குமரேசன். அவர் மலை ஏறுவது இயற்கை ரசனையால் அல்ல, தொப்பை குறைய. ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறி நடுவழியில், கண்டக்டர் முறைக்க முறைக்க, காட்டுக்குள் இறங்கினோம்.

வெயில் காலத்துக் காடு. இலையெல்லாம் உதிர்ந்து மரங்கள் எலும்பாக நின்றன. காய்ந்த ஓடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். ஒரு திருப்பத்தில், கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்த குழிக்குப் பக்கத்தில், ஒரு பெட்டை மான் கிடந்தது. புள்ளிமான். கழுத்தில் சைக்கிள் பிரேக் கம்பியால் செய்த சுருக்கு, மறுமுனை வேரில் கட்டியிருந்தது. தண்ணீர் குடிக்க வந்திருக்கிறது. இழுத்து இழுத்துப் பார்த்து, மண்ணையெல்லாம் காலால் கிளறி, அப்புறம் செத்திருக்கிறது. கண் மூடவில்லை. கண்ணில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

நகைச்சுவையாக எழுத உட்கார்ந்தாலும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தண்ணீர் அதன் வாய்க்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கொஞ்சம் மேலே, பாறை மறைவில் மீதியும் கிடைத்தது. இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி, மஞ்சளும் உப்பும் தடவிய கறியைக் கீற்றுக் கீற்றாகத் தொங்கவிட்டு உப்புக்கண்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு மானின் தோலை முளை அடித்துக் காயவைத்திருந்தார்கள். நேர்த்தியான வேலை. ரசித்துச் செய்தவன் கைவேலை.

குமரேசன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாங்க சார் போயிரலாம். நாம எதையும் பாக்கல. உங்களுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது."

"கல்யாணத்துக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றேன்.

(இந்தக் கேள்வியை என் கல்லறையில் செதுக்கலாம்.)

காடு தேசத்தின் சொத்து, பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவனும் திருடனுக்கு உடந்தை என்று அவருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் நிழலில் உட்கார்ந்து கேட்டார். புகார் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்ததோடு நான் நின்றிருக்கலாம். ஆனால் ஆதாரம் இல்லாமல் யார் நம்புவார்கள்? முளைகளைப் பிடுங்கித் தோலைச் சுருட்டிப் பையில் திணித்தேன். பழக்க தோஷம், பையில் இருந்த சீட்டு ஒன்றை எடுத்துக் கட்டினேன். புள்ளிமான் தோல், கிடைத்த இடம், சேகரித்தவர். கீழே என் பெயர், பட்டத்தோடு.

திரும்பி வந்த பஸ்ஸில் அந்தப் பை நாறிய நாற்றத்தில் எனக்கு மட்டும் ஒரு முழு சீட் கிடைத்தது. குமரேசன் கூட முன்னால் போய் நின்றுகொண்டார். வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் வாசலில், "டீ குடிச்சிட்டு வந்தர்றன் சார், நீங்க போயிட்டே இருங்க," என்றார். அவர் அந்த டீயைக் குடித்து முடித்துப் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குத்தான் வந்தார்.

ரேஞ்சர் நல்ல உயரம், களைத்த முகம். மேஜை மேல் தோலை விரித்தேன். அவர் தோலைப் பார்க்கவில்லை, சீட்டைப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, கண்ணாடி போட்டு இன்னொரு முறை படித்தார்.

"இது உங்க பேருங்களா?"

"ஆமாங்க."

"நீங்களே எழுதுனதுங்களா?"

"ஆமாங்க. எல்லாத்துக்கும் எழுதுவேங்க."

"எல்லாத்துக்கும்னா, இன்னும் இருக்குதுங்களா?"

ஆய்வுக்கூடத்தில் உள்ள முள்ளம்பன்றி முள், காட்டுப்பன்றிப் பல் எல்லாவற்றையும் நான் உற்சாகமாகச் சொன்னேன். ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் மெதுவாகப் போய்க் கதவைச் சாத்தினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, மின்விசிறிக் காற்றுக்குக் கதவு அடிக்கிறது போல என்று நினைத்தேன்.

"காட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

"சும்மா."

"சும்மான்னா?"

"நடக்கறதுக்குங்க."

ரேஞ்சர் கார்டைப் பார்த்தார். கார்டு மூலையில் நின்ற வாட்ச்சரைப் பார்த்தார். தர்மபுரி ரோட்டில் நடக்க இடமில்லையா என்று வாட்ச்சர் கேட்டார். வனவிலங்குச் சட்டப்படி மான் தோலைக் கையில் வைத்திருப்பவன் குற்றவாளி என்பதை ரேஞ்சர் எனக்கு நிதானமாக விளக்கினார். என் வாழ்க்கையில் யாரும் எனக்கு எடுத்த பாடங்களிலேயே தெளிவாகப் புரிந்தது அதுதான். வேலை போகும், கல்யாணம் நிற்கும், அம்மா விஷம் குடிப்பாள் என்றெல்லாம் வரிசையாகத் தோன்றியது.

"இடத்தைக் காட்டறேங்க," என்றேன் அழுகிற குரலில். "கறி அங்கயே தொங்குதுங்க. அதைத் திருப்பிப் போட ஆள் கண்டிப்பா வருவான். நீங்களே புடிச்சுக்குங்க."

புகாராக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கறி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பாறைக்குப் பின்னால் கார்டுகள் பதுங்கினார்கள். காக்கிச் சட்டை காய்ந்த காட்டோடு நன்றாகவே ஒட்டிப் போயிற்று. நான் போட்டிருந்ததோ, சலவை செய்த வெள்ளைச் சட்டை. எந்தப் புதரில் உட்கார்ந்தாலும் கொக்கு மாதிரி தெரிந்தேன். கடைசியில் ரேஞ்சர் சலித்துப்போய், "அப்படி ஓரமா உக்காருங்க வாத்தியாரே," என்று விட்டுவிட்டார்.

வெயில் சாயும் நேரத்தில் ஓடைக்கு எதிர்க்கரையில் ஒரு ஆள் வந்தார். தலையில் துண்டு, கையில் ஒரு பொட்டலம். என் வெள்ளைச் சட்டையைக் கண்டதும் அப்படியே நின்றார். என் பக்கத்தில் இருந்த கார்டின் தொப்பியையும் பார்த்திருக்க வேண்டும். அவர் திரும்பி நடந்திருந்தால் யாராலும் பிடித்திருக்க முடியாது. அந்தக் காடு அவருக்குச் சொந்த வீடு மாதிரி. பிடித்தாலும் கையில் என்ன இருக்கிறது, உப்புப் பொட்டலம்தானே.

அவர் திரும்பவில்லை. ஓடையில் இறங்கி, கல் சறுக்க, எங்களை நோக்கி ஓடி வந்தார். கிட்டே வந்ததும்தான் எனக்கு முகம் தெரிந்தது. சின்னப்பன். புஷ்பத்தின் தாய்மாமன். நிச்சயதார்த்தத்தில் எனக்குச் சந்தனம் பூசியவர்.

"அய்யா, அவர உட்ருங்க," என்றார் ரேஞ்சரிடம், மூச்சு வாங்க. "அவருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. கம்பி கட்டுனது நானு. தோல் உரிச்சதும் நானுதாங்க. எங்க புள்ளையக் கட்டிக்கப் போற மாப்ளைங்க. வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓல இருக்குதுங்க. என்னையக் கூட்டிட்டுப் போங்க, அவர உட்ருங்க."

ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யோவ்," என்றார் ரேஞ்சர், கொஞ்சம் சங்கடமாகவே. "புகார் எழுதிக் குடுத்ததே இவருதான்யா."

சின்னப்பன் சிரித்தார். ரேஞ்சர் விளையாடுகிறார் என்று நினைத்திருப்பார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்படிங்களா," என்றார்.

கையில் இருந்த உப்புப் பொட்டலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பாறை மேல் பத்திரமாக வைத்தார்.

"உங்களுக்குத்தானுங்க மாப்ள," என்றார்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். மறுவீட்டு விருந்தில் பெண்ணின் தாய்மாமன், தன் கையால் பிடித்த காட்டுக்கறியை மாப்பிள்ளை இலையில் வைக்க வேண்டும். அப்போதுதான் பெண்ணுக்கு அந்த வீட்டில் குறை வராது. புஷ்பத்தின் அக்கா கல்யாணத்துக்கு முயல் வைத்தாராம். அந்த மாப்பிள்ளை லாரி கிளீனர். இந்த மாப்பிள்ளை படித்தவர், சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர். அவருக்கு முயல் வைத்தால் மரியாதையாக இருக்குமா? அதனால் மான். நான் பியூன் வேலையில் இருந்திருந்தால் அந்த மான்கள் பிழைத்திருக்கும். பி.எஸ்சி., பி.எட். படித்ததற்காக இரண்டு மான்கள் செத்தன.

ஜீப் பக்கத்தில் ரேஞ்சரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். புகாரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நான் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வாத்தியாரே," என்றார் அவர். "பரீச்ச பேப்பரைக் கட்டி அனுப்புன பொறகு மார்க்க மாத்துவீங்களா?"

மாற்றமாட்டேன். அதுதான் என் பிரச்சினை.

சின்னப்பனை ரிமாண்டில் வைத்தார்கள். சில மாதம் ஜெயில் என்று பின்னால் தீர்ப்பாயிற்று. செய்தி எனக்கு முன்னால் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டது. என் மாமனாராக ஆகவிருந்தவர் நேரே சாமியாரிடம் போனார். கல்யாணத்துக்குத் தடை இருக்கிறது, மூன்றாம் ஓலை வாசிக்கக் கூடாது என்றார்.

"என்ன தடை?" என்று கேட்டாராம் சாமியார். "மாப்பிள்ளைக்கு வேற சம்சாரம் இருக்குதா?"

"இல்லீங்க சாமி."

"குடியா?"

"இல்லீங்க."

"பின்ன என்ன?"

"ரொம்ப யோக்கியனா இருக்காருங்க சாமி."

சாமியார் நெடுநேரம் யோசித்துவிட்டு, திருச்சபைச் சட்டத்தில் அது தடையாகச் சொல்லப்படவில்லை என்றாராம்.

மறுநாள் புஷ்பம் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவது எங்கள் பக்கம் கேள்விப்படாதது. எங்கள் அம்மா காபி போடக்கூடக் கை வராமல் நின்றாள். புஷ்பம் உட்காரவில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அதுவரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஒண்ணு கேக்கணுங்க. அது எங்க மாமான்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா எழுதிக் குடுத்திருப்பீங்களா?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். கல்யாணம் பிழைத்திருக்கும். எனக்கோ அந்தப் பெட்டை மானின் கண்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"தெரியலைங்க," என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "செரிங்க," என்றாள். போய்விட்டாள். அந்த 'செரி'க்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை வரை சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. கோயிலே திரும்பி என்னை மட்டும் பார்த்தது.

அப்படித்தான் சாம்பார் வந்தது. மாமனார் கைகூப்பிக்கொண்டு பந்தி பந்தியாகச் சொன்னார்: "மாப்ள உயிர்வதை பொறுக்க மாட்டாருங்க. அதனால ஒரு கோழிகூட அடிக்கலைங்க. குறையா நெனைக்காதீங்க." மரியாதை குறையாமல் ஒருத்தனைச் செருப்பால் அடிப்பது எப்படி என்று அவரிடம் கற்றுக்கொள்ளலாம். தாய்மாமன் போட வேண்டிய மாலையை வேறு யாரும் போட புஷ்பம் விடவில்லை. வெறும் கழுத்தோடு கோயிலுக்குள் நடந்து வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றபோதும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

கல்யாணமான பிறகு எனக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. முதல் அரசுத் தரப்பு சாட்சி. புது மனைவி விடியலில் எழுந்து, தன் மாமாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிற புருஷனுக்குத் தயிர்சோறு கட்டிக் கொடுத்தாள். ஊறுகாயும் வைத்திருந்தாள். அந்தச் சோற்றைக் கோர்ட் வளாகத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.

சின்னப்பன் வெளியே வந்ததும் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். வாசலில் நின்று, "வாத்தியாரே, உள்ளார வரலாங்களா, இல்ல அதுக்கும் எழுதிப் போட்ருவீங்களா?" என்றார். புஷ்பம் ஓடிப்போய் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் முதன்முதலாகச் சிரித்ததும் அன்றைக்குத்தான். அதோடு எங்கள் வீட்டில் ஒரு வாசகம் நிலைத்தது: வாத்தியாருக்குச் சொல்லாதீங்க. பால் பொங்கினால், பையன் பரீட்சையில் பெயிலானால், மகள் ஒருத்தனை விரும்பினால், எல்லாவற்றுக்கும் அதேதான். வீட்டில் நடப்பது எனக்குத்தான் கடைசியில் தெரியும். சின்னப்பன் ஒவ்வொரு விசேஷத்திலும் அதைச் சொல்லிச் சிரிப்பார், சிரித்துச் சிரித்து இருமுவார். நானும் சிரிப்பேன். ஆனால் மானைக் கொன்றது தப்புதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அதை மட்டும் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் அவர் இறந்துபோனார். எனக்கு எல்லாருக்கும் போலச் சாவுச் செய்திதான் வந்தது. அடக்கம் முடிந்து திரும்பும்போது, அவர் வெகுநாளாக ஆஸ்பத்திரியில் கிடந்ததும், புஷ்பம் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிப் போய்ப் போய்ப் பார்த்து வந்ததும் தெரிந்தது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. இதிலுமா அந்தக் கேலி என்று பஸ் என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

"நான் உங்களையும் கூட்டிட்டு வர்றன்னுதான் சொன்னனுங்க," என்றாள் புஷ்பம். "மாமாதான் வேணாம்னாரு. 'எப்பலேந்து இந்த இருமல்னு டாக்டரு தெனமும் கேக்குறாரு புள்ள. வாத்தியார பக்கத்துல வெச்சுக்கிட்டு ஜெயில்லேந்துன்னு எப்பிடிச் சொல்றது'ன்னாரு."

பஸ் பென்னாகரத்தில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.